பரங்கிப் பழத்தின் பால்

சத்தியமங்கலத்துக் காய்கறிக் கடையில் பரங்கிக்காய் கேட்டால், "அரசாணிக்காய்ங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கொங்கு நாட்டில் அதற்கு அதுதான் பேர். பரங்கிக்காய் என்பது சென்னை, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொல். இங்கே சொன்னால் விளங்கும், ஆனால் தானாக வாயில் வராது. அதே ஊரில் தாளவாடி பஸ் ஏறி, பண்ணாரி தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித் திம்பம் ஏறிவிட்டால் சொல் இன்னொரு முறை வேஷம் மாற்றுகிறது. தாளவாடி மலைப்பகுதியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. அவர்களுக்குப் பரங்கி ஹண்ணு என்றால் பப்பாளிப் பழம்.

சொல்லின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. பிராங்கு என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயரை அரபியர் மேற்கத்தியர் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆயிற்று. இந்தியாவுக்குள் வந்தபோது போர்த்துக்கீசியர் மேல் ஒட்டிக்கொண்டது. தமிழில் பரங்கி என்றும் பறங்கி என்றும் எழுதினோம். பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்று ஊர்ப்பெயர்களில் ஏறியது. பறங்கிப்புண் என்று நோய்ப்பெயராகவும் ஆனது. ஊர், நோய், காய் எதுவானாலும், இது நம்முடையதல்ல, கப்பலில் வந்தது என்று சொல்லிவிட்டுப் போகிற முத்திரை அது. முத்திரை சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அரசாணிக்காயும் பப்பாளியும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். தமிழ் ஒன்றைப் பரங்கி என்றது, கன்னடம் மற்றதை.

கடல் கடந்து வந்தவற்றுக்குத் தமிழர் பேர் வைத்த விதத்தில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் சாயல் இருந்தால் அதன் பேரையே நீட்டிக் கொடுத்துவிடுவார்கள். மிளகின் காரம் கொண்ட காய் மிளகாய். மணத்தக்காளியின் உறவாகத் தோன்றியது தக்காளி. சாயல் எதுவும் பிடிபடாதபோதுதான் வந்தவன் சொன்ன பேரை வாங்கிக்கொண்டார்கள். அன்னாசி அப்படி வந்தது, பப்பாளியும் அப்படித்தான். கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் சொன்ன ஒலியை ஸ்பானியர் பப்பாயா என்று பிடித்தார்கள். தெலுங்கில் பொப்பாயி, இலங்கைத் தமிழில் பப்பாசி, நம்மிடம் பப்பாளி. தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தால் பிறவித் தமிழ்ச் சொல் மாதிரியே உட்கார்ந்துகொள்கிறது.

வந்த வழிக்குச் சாட்சி உண்டு. 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் தம் பயண நூலில் இந்தப் பழத்தைக் குறித்திருக்கிறார். ஸ்பானிய அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸ் பக்கமாக மலாக்காவுக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்தது என்பது அவர் தரும் செய்தி. அதாவது பப்பாளி நமக்கு மேற்கிலிருந்து வரவில்லை. பாதி உலகத்தைச் சுற்றிக் கிழக்கிலிருந்து வந்தது. 1626இல் இந்தியாவிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதன் விதை போயிருக்கிறது. பரங்கிகளின் நாட்டுக்கே பரங்கிப் பழத்தை நாம் அனுப்பி வைத்திருக்கிறோம்!

மற்ற நாட்டார் வைத்த பேர்களில் எனக்குப் பிடித்தது வெனிசுவேலாவின் பேர். அங்கே பப்பாளிக்கு லெச்சோசா என்று பேர். லெச்சே என்றால் பால். பால் உள்ள பழம். பழத்தின் நிறத்தையோ இனிப்பையோ விட்டுவிட்டு, காயைக் கீறினால் வடியும் வெள்ளைப் பாலைப் பார்த்துப் பேர் வைத்தவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியதும் அந்தப் பால்தான்.

முற்றிய வெள்ளாட்டுக் கறி வேகவில்லை என்றால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைக் குழம்பில் போடுகிற பழக்கம் கொங்கு வீடுகளில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க உண்டு. "காயாப் பாத்துப் போடுங்க, பழுத்தா ஆகாது" என்று அனுபவக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழம் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். பார்படோஸ் தீவில் இதே வேலையைப் பப்பாளிப் பால் செய்வதைக் கிரிஃபித் ஹியூஸ் என்ற பாதிரியார் 1750இல் எழுதி வைத்தார். சமையல்காரர்களுக்குத் தெரிந்த இந்தச் செய்தியை ஆய்வுக்கூடத்தில் முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. ஜி. சி. ராய் 1873இல் கல்கத்தா மருத்துவ இதழில், பப்பாளிச் சாறு இறைச்சி முதலிய உணவுகளைக் கரைப்பதைப் பற்றி எழுதினார். அப்போது கரைக்கிற பொருளுக்குப் பேர் கிடையாது. 1879இல் பாரிஸில் வுர்ட்ஸும் பூஷுவும் பாலிலிருந்து அதை ஓரளவு பிரித்தெடுத்து, பப்பைன் என்று பேர் சூட்டினார்கள். கல்கத்தாவில் தொடங்கிய வேலைக்குப் பாரிஸில் பெயர்சூட்டு விழா நடந்தது. அறிவியலில் பேர் வைத்தவனே பெற்றவன் ஆகிவிடுவது புதிதல்ல.

பப்பைன், பப்பாயின் என்று தமிழில் இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். கடைசியில் உள்ள 'இன்' கவனிக்கத்தக்கது. அது பெப்சினிடமிருந்து வந்த வால். 1836இல் ஷ்வான் இரைப்பை நீரில் உணவைச் செரிக்கும் பொருளைக் கண்டு, செரிமானத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெப்சின் என்றார். அதற்குப் பிறகு வந்த செரிமானப் பொருள்கள் 'இன்' போட்டுக்கொண்டன. பப்பைனைத் தாவரப் பெப்சின் என்றே சில காலம் விற்றார்கள். பப்பயோட்டின் என்றொரு போட்டிப் பேரும் உலவியது. இதற்கு எதிர்முகாம் 'ஏஸ்'. 1833இல் பாயேனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரிக்கும் பொருளை எடுத்து டயஸ்டேஸ் என்றார்கள். கிரேக்கத்தில் பிரித்தல் என்று பொருள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாளில் லைபேஸ், புரோட்டியேஸ், யூரியேஸ் என்று வரிசை வந்தது. இன்று ஒரு பேரின் வாலைப் பார்த்தே அது பழைய குடியா புதிய குடியா என்று சொல்லிவிடலாம். பப்பைன் பழைய குடி.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுப்பேர் என்சைம். 1877இல் கியூனே வைத்தது. ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்று அதன் கிரேக்கப் பொருள். தமிழில் நொதித்தலை ஒட்டி நொதி என்றோம். இலங்கையில் நொதியம் என்பார்கள். பப்பாளிப் பாலில் ஈஸ்ட் இல்லை, நொதிப்பும் இல்லை. ஆனாலும் பேர் நின்றுவிட்டது.

என்சைமுக்கும் மேலான பெரும்பேர் ஒன்று உண்டு, கேட்டலிஸ்ட். சுவீடனின் பெர்சேலியஸ் 1835இல் அதுவரை சிதறிக் கிடந்த பல விசித்திரங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். மாவு அமிலத்தில் சர்க்கரையாவது, பிளாட்டினத்தின் முன்னால் ஹைட்ரஜன் தானே பற்றிக்கொள்வது, இப்படிப் பல. ஏதோ ஒரு பொருள் உடனிருக்கிறது, வினை நடக்கிறது, உடனிருந்த பொருள் அப்படியே மிஞ்சுகிறது. இதைக் கேட்டலிசிஸ் என்றார். கிரேக்கத்தில் தளர்த்துதல், கட்டவிழ்த்தல். கறியைத் தளர்த்தும் பப்பைனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது, பெர்சேலியஸுக்குப் பப்பைன் தெரியாது என்றாலும்.

தமிழில் இதற்கு என்ன சொன்னோம்? பழைய பாடநூல்களில் கிரியா ஊக்கி. பிறகு வினையூக்கி. பள்ளி வேதியியல் நூல்களில் வினைவேக மாற்றி என்றும் பார்க்கலாம். இலங்கையில் ஊக்கி என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். கலைச்சொல்லாக்கம் என்றால் சென்னையை மட்டுமே நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1916இல் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்று ராஜாஜியும் நண்பர்களும் சங்கம் தொடங்கியது சேலத்தில். ராஜாஜி பின்னாளில் திண்ணை ரசாயனம் என்று வேதியியலுக்கு ஒரு நூலே எழுதினார். கோயம்புத்தூரில் ஜி. ஆர். தாமோதரன் நடத்திய கலைக்கதிர் இதழ் பல்லாண்டுகள் அறிவியலைத் தமிழில் கொண்டுசென்றது. கொங்கு மண்ணில் தமிழ் வேதியியலுக்கு நல்ல பாசனம் நடந்திருக்கிறது.

ஆனாலும் வினையூக்கி என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பழந்தமிழில் ஊக்குதல் என்பது முயலுதல், செலுத்துதல், தள்ளிவிடுதல். ஊஞ்சலை ஆட்டிவிடுவதற்கும் ஊக்குதல் என்றே சொன்னார்கள். ஊஞ்சலை ஊக்குகிறவன் தன் கையின் விசையை அதற்குக் கொடுக்கிறான். வினையூக்கி அப்படி எதையும் கொடுப்பதில்லை. பப்பைன் கறிக்குள் ஆற்றலை ஊட்டுவதில்லை. இது ஒரு குறை. இன்னொரு குறை பெரிது. கிரியா ஊக்கி, வினையூக்கி, வினைவேக மாற்றி, ஊக்கி என்ற நான்கு பேருமே வேகத்தை மட்டும் பேசுகின்றன. வினையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் இந்தப் பொருள்களின் வேலைதான். சொல்லப்போனால் ஆலை நடத்துகிறவர்களுக்கு வேகத்தைவிட அதுதான் முக்கியம். திருப்புதலைச் சொல்லும் எழுத்து ஒன்றுகூட நம் பேர்களில் இல்லை.

இரண்டையும் சத்தியமங்கலத்து நிலத்தை வைத்தே சொல்லலாம். மைசூர்ப் பீடபூமிக்கும் கொங்குச் சமவெளிக்கும் நடுவே மலை நிற்கிறது. மேலே ஏறாமல் அந்தப் பக்கம் போக முடியாது. திம்பத்தின் 27 வளைவுகளை வினையூக்கிக்கு உவமை சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. வளைவு எத்தனை போட்டாலும் உச்சியின் உயரம் குறைவதில்லை, ஏற்றம்தான் நீண்டு மெதுவாகிறது. சரியான உவமை கணவாய். திம்பம் சாலைக்கு முன்னால் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கெஜலட்டிக் கணவாய்தான் மைசூருக்கும் கொங்குக்கும் வழி. கணவாய் பயணிக்குப் பலம் எதையும் கொடுப்பதில்லை. கடக்க வேண்டிய உயரத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. புறப்பட்ட ஊரின் உயரமும் சேரும் ஊரின் உயரமும் மாறுவதில்லை. மேலிருந்து இறங்குகிறவனுக்கும் கீழிருந்து ஏறுகிறவனுக்கும் அதே கணவாய்தான். வினையூக்கியும் முன்வினை, பின்வினை இரண்டையும் ஒரே அளவில் எளிதாக்கும். முடிவில் எது எவ்வளவு மிஞ்சும் என்ற சமநிலையை அதனால் அசைக்க முடியாது.

திருப்புதலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கணவாய் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் படை இறங்கும். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கெஜலட்டி வழியாக இறங்கினார். அதனால் கர்னல் ஃபிளாய்டின் ஆங்கிலேயப் படையோடு அவர் மோதிய இடம் சத்தியமங்கலம் ஆயிற்று. வேறு கணவாயில் இறங்கியிருந்தால் போர் வேறு ஊரின் பேரில் எழுதப்பட்டிருக்கும்.

வேதியியலில் இதற்கு நல்ல சான்று கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு. அதை நிக்கல் மேல் செலுத்தினால் மீத்தேன் கிடைக்கும். சபாத்தியே 1902இல் காட்டியது இது. தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் கலந்த வினையூக்கி மேல் செலுத்தினால் மெத்தனால். இரும்பு அல்லது கோபால்ட் மேல் செலுத்தினால் பெட்ரோல், டீசல் போன்ற நீண்ட கரிமச் சங்கிலிகள். உள்ளே போவது ஒன்றே, வெளியே வருவது எது என்று தீர்மானிப்பது நடுவே நிற்கும் உலோகம். இதை ஊக்கி என்று மட்டும் சொன்னால் போதுமா?

பப்பைனிடமே திரும்புவோம். கறியின் புரதம் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மாலை. கண்ணிகளை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு மிக உறுதியானது. வெறும் தண்ணீரில், அறையின் வெப்பநிலையில் விட்டுவைத்தால் பாதிப் பிணைப்புகள் அறுபடப் பல நூறு ஆண்டுகள் ஆகும். நம் உடம்பு நீரில் கரைந்துபோகாமல் நிற்பது இந்த மெத்தனத்தால்தான். பப்பைனும் 212 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதமே. இரண்டு உருண்டைகளாகச் சுருண்டு, நடுவே ஒரு பள்ளத்தோடு இருக்கிறது. அந்த உருவத்தை 1968இல் நெதர்லாந்தில் டிரென்தும் குழுவினரும் எக்ஸ் கதிரால் கண்டார்கள். பள்ளத்தின் ஓரத்தில் 25ஆம் இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது. அதில் ஒரு கந்தக அணு. எதிரே 159ஆம் இடத்தில் ஹிஸ்டிடின். கறிப் புரதத்தின் சங்கிலி பள்ளத்தில் வந்து படிந்ததும், ஹிஸ்டிடினின் துணையோடு கந்தகம் பிணைப்பின் கார்பனைப் பற்றுகிறது. சங்கிலியின் ஒரு பாதி கழன்று போகிறது, மறுபாதி கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்கிறது. கந்தகம் பழையபடி வெறுங்கையோடு அடுத்த சங்கிலிக்குத் தயார். வினையூக்கி வினையில் கலந்துகொள்வதில்லை என்று பள்ளியில் படித்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கலந்துகொள்கிறது, பற்றுகிறது, விடுகிறது. ஒரே பெரிய ஏற்றம் இரண்டு சிறிய ஏற்றங்களாக உடைகிறது. பல நூறு ஆண்டு வேலை கண்ணிமைக்கும் பொழுதுக்குள் முடிகிறது.

அடுப்பில் நடப்பதும் இதுவே. குழம்பு கொதித்த பிறகு பப்பைனால் பயனில்லை. கொதிநிலையில் அதன் சுருள் அவிழ்ந்து பள்ளம் குலைந்துவிடும். கறி மெல்லச் சூடேறும் வேளையில்தான் வேலை மும்முரம். அதனால் காய்த் துண்டைத் தொடக்கத்திலேயே போடுவது சரி.

பின்வினை உண்டு என்றேனே, அதற்கும் சான்று இருக்கிறது. 1937இல் பெர்க்மானும் ஃபிராங்கெல்-கொன்ராட்டும் விளைபொருள் கரையாமல் படிந்து விலகும்படி ஏற்பாடு செய்து, வெட்டுக்குப் பேர்போன இதே பப்பைனைக் கொண்டு அமினோ அமிலத்தோடு வேறொன்றை இணைத்துக் காட்டினார்கள். கணவாய்க்கு மேலே கீழே என்ற பாகுபாடு கிடையாது.

பள்ளத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எல்லா இடத்திலும் அது வெட்டுவதில்லை. வெட்டுமிடத்துக்கு ஒரு கண்ணி தள்ளி ஃபினைல்அலனின் மாதிரிப் பருமனான, நீரை ஒதுக்கும் அமிலம் இருந்தால் விருப்பம் அதிகம். 1967இல் இஸ்ரேலின் ஷெக்டரும் பெர்கரும் பப்பைனின் பள்ளத்தை அளந்து, அதில் ஏழு கண்ணிகள் உட்காரும் ஏழு இருக்கைகள் இருப்பதாகக் கண்டார்கள். இருக்கைகளுக்கும் கண்ணிகளுக்கும் அவர்கள் வைத்த எண்முறையைத்தான் இன்று உலகில் புரதம் வெட்டும் எல்லா நொதிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். பப்பாளிப் பாலுக்கென்று போட்ட கணக்கு ஒரு துறைக்கே வாய்பாடு ஆயிற்று.

வெட்டுமிடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. 1959இல் லண்டனில் ராட்னி போர்ட்டர் முயலின் எதிர்ப்பொருளைப் பப்பைனால் வெட்டினார். மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு ஒரே மாதிரி, கிருமியைப் பற்றும் கைகள். மூன்றாவது எதையும் பற்றவில்லை, ஆனால் அழகாகப் படிகமாயிற்று. எதிர்ப்பொருள் ஆங்கிலத்து 'ஒய்' எழுத்தின் வடிவம் என்ற முடிவுக்குப் போகும் வழி அதில் திறந்தது. போர்ட்டருக்கு 1972இல் எடெல்மானோடு நோபல் பரிசு. போர்ட்டரின் சோதனைக்கு அடுத்த ஆண்டே, 1960இல், நிசனாஃப் இதே எதிர்ப்பொருளைப் பெப்சினால் வெட்டிப் பார்த்தார். கைகளைச் சேர்த்துக் கட்டும் கந்தகப் பாலத்துக்கு மேலே பப்பைன் வெட்டுகிறது, கைகள் தனித்தனியாகின்றன. பெப்சின் பாலத்துக்குக் கீழே வெட்டுகிறது, இரண்டு கைகளும் ஒன்றாகவே நிற்கின்றன. ஒரு மாலை, இரண்டு கத்தரி, இரண்டு வேறு பொருள்கள்.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டல்ல. இந்தியாவில் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் எதிர்மருந்து குதிரையின் எதிர்ப்பொருளைப் பெப்சினால் வெட்டிச் செய்வது. சத்தியமங்கலத்துக் காட்டோரத்தில் கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றுவது அந்த இரட்டைக்கைத் துண்டைத்தான். அமெரிக்காவில் விரியன் வகைக் கடிக்கு விற்கும் ஒரு மருந்து செம்மறியின் எதிர்ப்பொருளைப் பப்பைனால் வெட்டியது. அதனால் பப்பாளி ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அதன் குறிப்பில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்!

கொங்கு நாட்டுக்கு இந்தப் பாலோடு நேரடி உறவு உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துப் பப்பாளி ரகங்களுக்குக் கோ 1, கோ 2 என்று வரிசையாகப் பேர். 'கோ' என்பது கோயம்புத்தூர். இவற்றில் கோ 2 பழத்துக்கும் பாலுக்கும் ஆனது. கோ 5, வாஷிங்டன் என்ற ரகத்திலிருந்து பாலுக்கென்றே தேர்ந்தெடுத்தது. ஒரு காயிலிருந்து 14, 15 கிராம் உலர்ந்த பப்பைன், ஹெக்டேருக்கு 1500 கிலோவுக்கு மேல் என்பது பல்கலைக்கழகம் தரும் கணக்கு.

தோட்டத்தில் யாரும் பப்பைன் எடுக்கப் போவதாகச் சொல்வதில்லை. பால் எடுப்பதுதான் வேலை. காய் பிடித்து 75 முதல் 90 நாளான, நன்கு பருத்த பச்சைக் காய்களில் விடிகாலையில் கீறல் போடுவார்கள். காம்பிலிருந்து நுனிவரை நான்கு கீறல், ஆழம் 3 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் காய் கெடும். வெயில் ஏறினால் பால் சொட்டுவது குறைந்துவிடும், அதனால் காலை 10 மணிக்குள் சேகரிப்பை முடித்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள் இடைவெளியில் அதே காயில் கீறாத இடத்தில் மறுபடி கீறலாம், மொத்தம் நான்கு தடவை. கத்தியும் பிளேடும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், வாங்கும் பாத்திரம் அலுமினியம் அல்லது கண்ணாடி. இரும்பு கூடாது. இந்த விதிக்குக் காரணம் முன்னால் சொன்ன 25ஆம் இடத்துக் கந்தகம். சில உலோகங்கள் அதைப் பிடித்துக்கொண்டால் அது வேறெதையும் பிடிக்காது, பால் வெறும் பிசினாகிவிடும். காற்றும் அதற்கு எதிரிதான். அதனால்தான் பாலில் 0.05 விழுக்காடு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கலந்து, 50, 55 டிகிரிக்கு மேல் சூடு போகாமல் உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைக்கிறார்கள். கையுறை போடாமல் நாள் முழுக்கப் பால் எடுத்தால் விரல்நுனித் தோல் உரியும். கறிப் புரதத்துக்கும் கைப் புரதத்துக்கும் பப்பைன் வித்தியாசம் பார்ப்பதில்லை. பால் எடுத்த காய் வீணாவதுமில்லை. சர்க்கரைப் பாகில் ஊறி, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏறி, டூட்டி ஃப்ரூட்டி என்ற பேரில் பேக்கரி பன்னுக்குள் போய்விடுகிறது.

மரம் நமக்காகவா இந்தப் பாலை வைத்திருக்கிறது? ஜப்பானில் கொன்னோவும் உடன் ஆய்ந்தோரும் 2004இல் பப்பாளி இலையை எரிப் பட்டுப்புழுவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாலோடு கூடிய இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. பாலைக் கழுவி நீக்கிய இலையில் நன்றாக வளர்ந்தன. புழுவின் வயிற்றுக்கு எதிராகச் செய்த ஆயுதத்தை நாம் சமையலறைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். எல்லாப் பூச்சிக்கும் அந்த ஆயுதம் போதாது என்பதையும் கோயம்புத்தூர் பார்த்துவிட்டது. 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பப்பாளி மாவுப்பூச்சி இங்கே தென்பட்டது. பப்பாளி மட்டுமின்றி மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு மாவட்டங்களைப் பாழாக்கியது. 2010இல் அமெரிக்கப் பக்கமிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது. பழம், அதன் பூச்சி, பூச்சிக்கு எமன் மூன்றும் ஒரே திசைக்காரர்கள். பரங்கி என்ற பேருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தாவரவியலார் வைத்த பேரிலும் ஒரு பழைய உறவு ஒளிந்திருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இதைக் கரிக்கா பப்பாயா என்றார். கரிக்கா என்பது அத்தியைக் குறித்த சொல், இலைச் சாயலைப் பார்த்து வைத்தது. அத்திப் பாலில் ஃபிசின் என்ற நொதி இருப்பது அவருக்குத் தெரியாது. ஃபிசினும், அன்னாசியின் புரோமெலைனும், பப்பைனும் ஒரே குடும்பம், மூன்றிலும் கந்தகமே கத்தி. இலையைப் பார்த்துச் சொன்ன உறவு பாலில் பலித்தது தற்செயல்தான்.

நொதிகளுக்கென்று அமைந்த சர்வதேசக் குழு 1961இல் பேர்க் குழப்பத்தை ஒழிக்க எண் கொடுத்தது. பப்பைனின் இன்றைய எண் 3.4.22.2. முதல் 3 என்றால் நீரால் பிளப்பது, 4 என்றால் பெப்டைடு பிணைப்பை, 22 என்றால் சிஸ்டீன் கொண்டு சங்கிலியின் நடுவில். கடைசி 2 அந்த வரிசையில் அதன் இடம். கவனித்துப் பார்த்தால், எதை எங்கே எப்படி வெட்டும் என்று திசையைச் சொல்கிறது இந்தப் பேர். வேகத்தைப் பற்றி ஒரு இலக்கம்கூட இல்லை. நம் ஊக்கி விட்டுவிட்டதை இந்த எண் பிடித்திருக்கிறது.

எண் வந்ததால் பேர் சாகவில்லை, பெருகியது. மனித உடம்பின் செல்களுக்குள் பழைய புரதங்களை அறுக்கும் கதெப்சின்கள் பலவற்றை வேதியியலார் பப்பைன் வகை நொதிகள் என்றே அழைக்கிறார்கள். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும் தன் புரதங்கள் பலவற்றை நீண்ட சங்கிலியாகச் செய்துகொள்கிறது. அதைத் துண்டுபோட இரண்டு கத்தரிகள் வைத்திருக்கிறது. இரண்டிலும் வெட்டுவது சிஸ்டீனின் கந்தகம்தான். ஒன்று முதன்மைப் புரோட்டியேஸ், பாக்ஸ்லோவிட் மாத்திரை அடைப்பது அதன் பள்ளத்தை. மற்றதன் பேர் பிஎல்புரோ, அதாவது பப்பைன் போன்ற புரோட்டியேஸ். சங்கிலியில் மூன்று இடங்களை வெட்டுவதோடு, நம் செல்லின் காவல் புரதங்கள் மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்களையும் அது அறுத்து எறிகிறது. அதன் பள்ளத்தில் எந்தக் கண்ணி எந்த இருக்கையில் உட்கார்கிறது என்று எழுதும்போது ஆய்வாளர்கள் பயன்படுத்துவது ஷெக்டரும் பெர்கரும் பப்பாளிப் பாலுக்குப் போட்ட அதே எண்களை.